உழைத்த ரூபாயும் வளர்ந்த ரூபாயும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கோயில் முற்றத்தில் நம்மை நிறுத்தி வைத்துக்கொண்டார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2005-ம் ஆண்டில் அவரும் அவர் தம்பியும் கூட்டாக, பாகலூர்ப் பக்கம் ரூ. 2 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கிப் போட்டார்கள். அன்றைக்கு அங்கே ராகிக் கொல்லையும் கருவேலமுள்ளுமாகக் கிடந்தது. இன்றைக்கு அதே மனைக்கு ரூ. 60 லட்சம் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். ஆனால் பத்திரத்தில் 35 லட்சம் மட்டும் எழுதுவோம், பாக்கி 25 லட்சத்தை ரொக்கமாகத் தந்துவிடுகிறேன் என்கிறார். அதனால் வாங்குகிறவருக்குப் பதிவுச் செலவு மிச்சம். விற்கிறவருக்கு வரி மிச்சம்.

தம்பிக்கு இதில் பூரண சம்மதம். அவர் பேச்சு இதுதான்: "நம் கைக்காசு போட்டு வாங்கினோம். ஒருவனையும் ஏய்க்கவில்லை. விலை ஏறியது, அது நம் யோகம். சர்க்கார் இதிலே என்ன பாடுபட்டது? எதற்குப் பங்கு கேட்கிறது?"

பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் தம்பிக்கு என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை. "வரி கேட்பதே அநியாயமென்றால் அதை மறைப்பது எப்படிப் பாவமாகும்? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்றார். ஒருவரை மாத்திரம் பொறுத்த விஷயமாக இது தோன்றவில்லை. நிலமும், பங்குச் சந்தையும், பரஸ்பர நிதியும் இன்று நம் வீடுகளுக்குள் சாதாரணமாக வந்துவிட்டன. ஆகவே வாசகர்களோடு சேர்ந்தே யோசிக்கலாம் என்று துணிந்தோம்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரே தெருவில் மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 கணக்கு வருஷத்தில் மூவருக்கும் தலைக்கு ரூ. 30 லட்சம் வந்தது. வேறு வரும்படி கிடையாது. முதலாமவர் தொழிற்சாலையில் பெரிய பொறியாளர். அவருக்கு வந்தது, நிலையான கழிவு போக, 30 லட்சம் சம்பளம். இரண்டாமவருக்கு, முன்னே வாங்கி வைத்திருந்த கம்பெனிப் பங்குகளை விற்ற வகையில் 30 லட்சம் நீண்டகால இலாபம். மூன்றாமவருக்கு, ஓசூர் மாநகராட்சி எல்லையிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, வேறு எந்த ஊராட்சிப் பட்டணத்தின் வட்டத்திலும் படாத ஒரு விவசாய நிலத்தை விற்றதில் 30 லட்சம் இலாபம்.

புதிய வரி முறையில் பொறியாளர் கட்ட வேண்டியது, கல்வி மேல்வரி சேர்த்து, ரூ. 4,99,200. பங்கு விற்றவர் கட்ட வேண்டியது ரூ. 3,21,750. நிலம் விற்றவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் ஜனத்தொகை உள்ள ஊரின் எல்லையிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள விவசாய நிலத்தைச் சட்டம் மூலதனச் சொத்தாகவே எண்ணுவதில்லை. நிலம் வாங்கி விற்பதையே ஒருவர் தொழிலாக நடத்தினால் வியாபார வருமானம் என்று அவரைப் பிடிக்க வழியுண்டு. ஆனால் பத்து வருஷத்துக்கு ஒரு தோட்டமாக வாங்கி விற்கும் பணக்காரரை யார் பிடிப்பது? ஏழைக் குடியானவனுக்காகப் போட்ட வேலி அது. அந்த வேலிக்குள் இன்று யார் யார் மேய்கிறார்கள் என்பதை சூளகிரி, கெலமங்கலம் பக்கத்து ஜனங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூவருக்கும் கையில் வந்த பணம் ஒன்றே. கடைக்குப் போனால் மூவர் பணத்துக்கும் ஒரே மதிப்பு. ஆனால் அதிகாலை ஷிப்டுக்குப் பஸ் பிடித்து ஓடினவருக்கு அதிக வரி. காத்திருந்தவருக்குக் குறைந்த வரி. எல்லைக் கல்லுக்கு அப்பால் காத்திருந்தவருக்கு வரியே இல்லை.

தொகை பெரிதாகப் பெரிதாக இந்த வித்தியாசமும் பெரிதாகிறது. வருஷத்துக்கு 2 கோடிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர், மேல்தட்டு ரூபாய் ஒவ்வொன்றிலும் எல்லா மேல்வரியும் சேர்த்து 39 காசு கட்டுகிறார். அதே அளவு பணம் பங்கு இலாபமாக வந்தால், அந்த ரூபாயில் கட்ட வேண்டியது 15 காசுக்குச் சற்றுக் குறைவு. ஏனெனில் இலாபத்துக்கு விகிதம் பன்னிரண்டரைதான். அதன்மேல் போடும் கூடுதல் வரியும் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்திலேயே வரம்பு கட்டியிருக்கிறார்கள். மறுபுறம், வருஷம் 11 லட்சம் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளிக்கு 2025-26 முதல் சம்பளத்தின்மேல் வருமான வரி இல்லை; நல்ல காரியம். ஆனால் அவர் மகளின் கலியாணத்துக்கென்று பங்குகளிலோ பங்குப் பரஸ்பர நிதியிலோ போட்டுவைத்த பணத்தை எடுக்கும்போது, இலாபத்தில் 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு அவரும் அதே பன்னிரண்டரை சதவீதம் கட்டியாக வேண்டும். சிறு சேமிப்புக்காரருக்கும் கோடீசுவரருக்கும் ஏறக்குறைய ஒரே விகிதம். சம்பளத்துக்கு ஏணி வைத்த சட்டம், இலாபத்துக்கு மாத்திரம் சமதரை போட்டிருக்கிறது.

இது எப்படி வந்தது? இந்தக் கதையில் தமிழர்கள் பலர் வருகிறார்கள். முதலாமவர் நம் பக்கத்து ஊர்க்காரரே. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-ம் ஆண்டு பிறந்த இராஜாஜி, சென்னை மாகாண முதன்மந்திரியாக இருந்தபோது மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ம் ஆண்டில் பொது விற்பனை வரிச் சட்டத்தை நிறைவேற்றினார். வாங்குகிற பண்டத்தின்மேல் எல்லாரும் கட்டும் வரிக்கு இந்நாட்டில் அதுவே முன்னோடி. அந்த வரி நாளடைவில் பெருத்து, 2017-ம் ஆண்டில் ஜி.எஸ்.டி.யாக உருவெடுத்தது. ஓசூரிலேயே செய்யும் மோட்டார் சைக்கிளை ஓசூர்த் தொழிலாளி வாங்கினால் அதன்மேல் இப்போது 18 சதவீதம். 2025-ம் வருஷம் செப்டம்பர் வரையில் 28 சதவீதம். வாங்குகிறவர் பணக்காரரா, வாடகை வீட்டுக்காரரா என்று இந்த வரி கேட்பதில்லை.

இலாபத்தின்மேல் போடும் வரிக்கோ இப்படி நிலைத்த ஆயுள் வாய்க்கவில்லை. 1947-ம் ஆண்டு, சுதந்திரத்துக்குச் சற்று முந்திய இடைக்கால சர்க்காரில் நிதி இலாகாவைப் பார்த்த லியாகத் அலி கான் முதலில் போட்டார். 1949-ல் ஜான் மத்தாய் எடுத்துவிட்டார். 1956-ல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி மீண்டும் கொண்டுவந்தார். 2004-ம் ஆண்டில் சிவகங்கைத் தொகுதியிலிருந்து சென்ற ப. சிதம்பரம், சந்தையில் பதிவான பங்குகளின் நீண்டகால இலாபத்துக்கு முழு விலக்கு அளித்து, பங்குப் பரிவர்த்தனையின்மேல் ஒரு சிறு வரியை வைத்தார். பதினான்கு வருஷம் அந்த விலக்கு நீடித்தது. 2018-ல் அருண் ஜெட்லி 10 சதவீதம் போட்டார். 2024-ம் ஆண்டு ஜூலையில், மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் அதைப் பன்னிரண்டரையாக்கினார். இப்படி வைப்பதும் எடுப்பதுமாக எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சோப்பின்மேல் போட்ட வரியை ஒரு நாளாவது அறவே இல்லாமற் செய்ய யாரும் இத்தனை அக்கறை காட்டியதாக நமக்கு நினைவில்லை.

1956-ம் வருஷத்துக் காரியத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் கேம்பிரிட்ஜிலிருந்து நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளாதார நிபுணர் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டு வந்து, வரிச் சீர்திருத்தத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். ஏட்டில் மிக உயர்ந்த வரி விகிதத்தை எழுதிவைத்து நடைமுறையில் ஆயிரம் ஓட்டைகளை விடுவதைக் காட்டிலும், உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்குள் இறக்கிவிட்டு, எல்லா வகை ஆதாயத்தையும் வரிக்குள் கொண்டுவருவதே நல்லது என்பது அவர் யோசனை. ஒருவருடைய சக்தி, அவர் கைக்கு வந்த சம்பளத்தினால் மாத்திரம் அளக்கப்படுவதல்ல. அவர் சொத்து எவ்வளவு பெருத்தது என்பதும் அந்தச் சக்தியின் பாகமே. சம்பளத்துக்கு வரியும் சொத்தேற்றத்துக்கு விலக்கும் இருந்தால், புத்திசாலிகள் சம்பளத்தைச் சொத்தேற்றமாக மாற்றிக்கொள்வார்கள்.

எப்படி மாற்றுவது? ஒரு கம்பெனியின் முதலாளி, வருஷ இலாபத்தைப் பங்காதாயமாகப் பிரித்துக்கொண்டால் அவர் மேல்தட்டு விகிதப்படி வரி கட்ட வேண்டும். பிரிக்காமல் கம்பெனிக்குள்ளேயே விட்டால் பங்கின் விலை ஏறும். வேண்டும்போது கொஞ்சம் பங்கை விற்றால் பன்னிரண்டரையோடு போயிற்று. அரிசி அதே அரிசிதான், மூட்டை மாறிவிட்டது. மாதச் சம்பளக்காரருக்கோ மூட்டை மாற்ற வழியே கிடையாது. சம்பளம் கைக்கு வருமுன்னே வரி பிடிக்கப்பட்டுவிடுகிறது.

கால்டோர் வாழ்ந்த இங்கிலாந்திலேயே இந்த வரி 1965-ம் ஆண்டில்தான் முறையாக வந்தது. நம் நாடு ஒன்பது வருஷம் முந்திக்கொண்டது. அமெரிக்காவில் 1986-ம் ஆண்டுச் சட்டத்தின்படி சில வருஷம் சம்பளத்தின் உச்ச விகிதமும் இலாபத்தின் உச்ச விகிதமும் ஒன்றாகவே, 28 சதவீதமாக, இருந்தன. அதில் கையெழுத்திட்ட ரீகனைப் பணக்காரரின் விரோதி என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

நிற்க. "சர்க்கார் என்ன பாடுபட்டது?" என்று கேட்டாரே தம்பி, அவர் கேள்விக்கு வருவோம். இது நியாயமான கேள்வி. அலட்சியமாகத் தள்ளத் தக்கதல்ல.

1970-களில் சிப்காட் வந்திராவிட்டால் ஓசூர், பெங்களூருக்குப் போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தும் ஊராகவே இருந்திருக்கும். அசோக் லேலண்டும், டி.வி.எஸ்.ஸும், டைட்டனும் 1980-களில் இங்கே வேரூன்றியது, அரசு நிலம் திரட்டி, ரோடு போட்டு, மின்சாரம் இழுத்துக் கொடுத்த பிற்பாடுதான். சேலம் மார்க்கமாகப் போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியது பொதுப்பணம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனைக் கொண்டு கட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்டது. அந்தக் கடனைத் திருப்புவதும் பொதுப்பணமே. பெங்களூரில் இடமில்லாமல் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டிக் குடித்தனங்கள் வழிந்து வந்தன. பஸ் ஓடியது, பள்ளிக்கூடம் வந்தது, ஆலைக்கு ஆள் வந்தது; வந்த ஆள் குடியிருக்க இடம் தேடினார். பெரியவரும் அவர் தம்பியும் அந்த மனையில் ஒரு செங்கல் வைக்கவில்லை. இருபது வருஷத்தில் 2 லட்சம் 60 லட்சமானது அவர்கள் கைவேலையால் அல்ல. ஊர் கூடி உழைத்ததன் பலன் அந்த மனையின்மேல் வந்து படிந்தது. அது திருட்டல்ல என்பது வாஸ்தவம். ஆனால் முழுவதும் தம்முடையதே என்று சொல்லவும் இடமில்லை. பலர் விதைத்த வயலில் ஒருவர் அறுக்கிறார். எட்டில் ஒரு பாகம் ஊருக்குக் கொடு என்றால் மீதி ஏழும் அவருக்கே.

ஊர் தன் பங்கை வேறு விதத்திலும் பெறலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் அத்தாட்சி உண்டு. டைட்டன் கம்பெனி 1984-ல் டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது. டிட்கோ அன்று எடுத்த பங்கை விற்றுவிடவில்லை. இன்றும் நான்கில் ஒரு பாகத்துக்கு மேல் அதன் கையில் இருக்கிறது. ஆகையால் அந்தப் பங்கு விலை ஏறும்போதெல்லாம், தளியில் ஆடு மேய்க்கும் சிறுவனும், அவன் அறியாமலே, கொஞ்சம் பணக்காரனாகிறான். அதே பங்கை 2004-க்குப் பிறகு வாங்கி, விலை பல பத்து மடங்கு ஏறிய பின் 2018 ஏப்ரலுக்கு முன் சந்தையில் விற்ற தனி மனிதர், எத்தனை கோடி இலாபம் அடைந்திருந்தாலும், அந்த இலாபத்துக்கு வரி கட்டவில்லை. சட்டம் அப்படி இருந்தது. அவர்மேல் குற்றமில்லை; சட்டத்தின்மேல் கேள்வி உண்டு.

இனி எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். அதில் சில ஆட்சேபணைகள் பலமானவை.

முதலாவது, விலைவாசி. இரண்டு லட்சத்துக்கு வாங்கினதை எட்டு லட்சத்துக்கு விற்றால் ஆறு லட்சம் இலாபம் என்று ஏடு சொல்லும். ஆனால் இருபது வருஷத்தில் ரூபாயின் மதிப்பே தேய்ந்துவிட்டது. சர்க்காரின் விலையேற்றக் குறியீடு 2005-06-ல் 117, 2025-26-ல் 376. அதன்படி அன்றைய 2 லட்சம் இன்றைக்குச் சுமார் 6,43,000 ரூபாய். ஆகவே உண்மையான இலாபம் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆறு லட்சத்துக்கும் வரி கேட்பது, இல்லாத இலாபத்துக்கு வரி கேட்பதாகும். இந்த ஆட்சேபணையை நாம் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் 2024-ல் நடந்ததைப் பாருங்கள். அதுவரை நிலத்துக்கும் வீட்டுக்கும் இந்தக் குறியீட்டுக் கழிவைக் கொடுத்து, மீதிக்கு 20 சதவீதம் வரி வாங்கினார்கள். அந்த வருஷம் ஜூலை 23 முதல் கழிவை எடுத்துவிட்டு விகிதத்தைப் பன்னிரண்டரையாகக் குறைத்தார்கள். கூக்குரல் எழவே, அந்தத் தேதிக்கு முன் வாங்கியவர்களுக்கு எது குறைவோ அதைக் கட்டலாம் என்று சலுகை தந்தார்கள். எட்டு லட்சத்துக்கு விற்றவருக்குப் பழைய முறையில் வரி சுமார் 31,000 ரூபாய். புதிய முறையில் 75,000. அறுபது லட்சத்துக்கு விற்றவருக்குப் பழைய முறையில் பத்து லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். புதிய முறையில் 7,25,000. அதாவது விலை தவழ்ந்து ஏறியவருக்குப் புதிய முறை சுமை; விலை பறந்து ஏறியவருக்கு அதுவே சலுகை. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானதல்லவா? உண்மையான இலாபத்தை மாத்திரம் கணக்கில் எடு. அதற்கு, பெரிய வருமானக்காரரிடம், சம்பளத்துக்கு வாங்கும் விகிதத்திலேயே வாங்கு. இதுவே நேரான வழியாக நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, கம்பெனி தன் இலாபத்துக்கு ஏற்கெனவே வரி கட்டியாயிற்றே, பங்குக்காரரிடம் மறுபடி கேட்பது இரட்டை வரியல்லவா என்பது. இதிலும் சத்தியமுண்டு. 2019 செப்டம்பரில் அறிவித்த குறைந்த விகிதப்படி கம்பெனி வரி சுமார் 25 சதவீதம். அதன்மேல் பங்குக்காரரின் 15-ஐச் சேர்த்தாலும் மொத்தச் சுமை 36 சதவீதத்தை ஒட்டி வரும்; பெரிய சம்பளக்காரரின் 39-ஐ எட்டவில்லை. இந்த வாதம் நிலத்துக்கோ தங்கத்துக்கோ சற்றும் பொருந்தாது. மனை எந்தக் கம்பெனி வரியைக் கட்டிற்று? ஆகவே கம்பெனி கட்டியதற்கு ஓரளவு கழிவு கொடுக்கலாமென்றால் சரி. அதைக் காரணங்காட்டி எல்லா இலாபத்தையும் தனி ஜாதியாக வைப்பது சரியல்ல.

மூன்றாவது, பணம் ஓடிவிடும் என்பது. இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று சொல்லமாட்டோம். மொரீஷியசோடு 1982-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாக, இங்கே சம்பாதித்த பங்கு இலாபம் அங்கும் இங்கும் வரியின்றித் தப்பிப் போய்க்கொண்டிருந்தது. 2016-ல் அதைத் திருத்தித்தான் அடைத்தார்கள். 2019 ஜூலையில் பெரும் வருமானத்தின்மேல் கூடுதல் வரியை ஏற்றியபோது வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்கத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் முடியுமுன்னே, ஆகஸ்டு 23-ல், பங்கு இலாபத்துக்கு மாத்திரம் அந்த ஏற்றத்தை நிதி மந்திரி திரும்பப் பெற்றுக்கொண்டார். சம்பளத்துக்கு ஏற்றியது அப்படியே நின்றது. ஓடக்கூடியதை விட்டுவிட்டு, ஓடமுடியாததைப் பிடித்துக்கொள்வது தந்திரத்துக்குச் சரி. தர்மத்துக்கு எப்படிச் சரியாகும்? மேலும், ஓசூர் மனை எங்கே ஓடும்? இந்நாட்டிலேயே குடியிருந்து இந்நாட்டிலேயே பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கும் செல்வந்தர்களும் அவ்வளவு எளிதில் ஓடிவிடுகிறவர்கள் அல்லர்.

நான்காவது ஆட்சேபணைதான் உள்ளபடியே கஷ்டமானது. இந்த வரி, விற்கும்போதுதான் விழும். விகிதத்தை ஏற்றினால் ஜனங்கள் விற்காமல் வைத்துக்கொள்வார்கள்; பணம் நல்ல தொழிலுக்குப் போகாமல் பழைய இடத்திலேயே பூட்டிக்கிடக்கும். அமெரிக்காவில் 1987 முதல் விகிதம் ஏறப்போகிறது என்று தெரிந்ததும், 1986 கடைசியில் ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு விற்றார்கள். அதன்பின் விற்பனை ஓய்ந்தது. விகிதத்தை இரட்டிப்பாக்கினால் வரும்படியும் இரட்டிக்கும் என்று எண்ணுகிறவர் ஏமாந்து போவார்.

ஆயினும் பூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காத்திருப்பதற்கே ஒரு பரிசு இருக்கிறது. வருஷம் 10 சதவீதம் வளரும் ஒரு லட்ச ரூபாயை எடுத்துக்கொள்வோம். மேல்தட்டுக்காரர் அந்த வளர்ச்சியை வட்டியாக வருஷந்தோறும் வாங்கி, 30 சதவீதம் வரி கட்டி, மீதியைத் திரும்பப் போட்டுவந்தால் இருபது வருஷத்தில் சுமார் 3,87,000 ரூபாய் ஆகும். அதே 30 சதவீதத்தை இருபது வருஷம் கழித்து ஒரே தடவையாகக் கட்டினால் கையில் மிஞ்சுவது சுமார் 5 லட்சம். பன்னிரண்டரை சதவீதமாகக் கட்டினால் 6 லட்சம். வரியைத் தள்ளிப்போடுவதே பாதிச் சலுகை. குறைந்த விகிதம் அதன்மேல் வைத்த இன்னொரு சலுகை. சாகிற வரையில் விற்காமலிருந்தாலோ, பிள்ளைகளுக்குச் சொத்து போய்ச் சேரும்போது வரி ஏதும் கிடையாது. 1953-ல் வந்த மரண வரியை 1985-ல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் விற்றால்தான் கேள்வி, அவர்களும் காத்திருக்கலாம். நடுவில் பணம் வேண்டுமென்றால் சொத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம், கடனுக்கு வரியில்லை. பெருந்தனக்காரர் காத்திருக்க முடியும். மகளின் கலியாணத்துக்கும் மனைவியின் ஆப்பரேஷனுக்கும் விற்கிறவர் காத்திருக்க முடியாது. ஆகவே கோடிகளுக்கு மேற்பட்ட சொத்து கைமாறும்போது, மரணத்தினால் மாறினாலும், அதுவரை ஏறிய இலாபத்துக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று விதித்தால் பூட்டு தானே தளரும். இது பெரிய வருமானக்காரர் விஷயம்; பரம்பரைக் குடிசையும் இரண்டு ஏக்கர் மாந்தோப்பும் உள்ளவரைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்லுகிறது என்று சிலர் கேட்கலாம். இத்தனை சதவீதம் போடு என்று எந்தப் பாப்பரசரும் எழுதவில்லை, எழுதவும் மாட்டார். 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டு நிருபத்தில், மிதமிஞ்சிய வரியால் சொந்தச் சொத்தை உறிஞ்சிவிடக் கூடாது என்று சர்க்காருக்கே எச்சரிக்கை கொடுத்தார். தம்பி அதைத் தம் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். 23-ம் அருளப்பர் 1961-ம் ஆண்டு நிருபத்தில், கொடுக்கிறவரின் சக்திக்கு ஏற்ப வரிச்சுமை அமைய வேண்டும் என்பதை நீதியின் அடிப்படையாக வைத்தார். அண்ணன் அதை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் விரோதமில்லை. எட்டில் ஒன்று மிதமிஞ்சியதா என்பதுதான் கேள்வி. பெரிய சம்பளக்காரர் மூன்றில் ஒன்றுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கும் நாட்டில் அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இப்போது பெரியவரின் இரண்டாம் கேள்வி. சட்டம் கோணலாக இருக்கிறதென்று நாமே இவ்வளவு நேரம் சொன்னோமே, கோணல் சட்டத்துக்கு ஏன் கட்டுப்படவேண்டும்? கோணல் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். இந்தச் சட்டம் இலாபக்காரரிடம் அதிகமாகக் கேட்டுக் கோணவில்லை. குறைவாகக் கேட்டுக் கோணியிருக்கிறது. ஏற்கெனவே சலுகை பெற்றவர், அநியாயம் என்று சொல்லி மீதியையும் மறைத்தால் அது என்ன நியாயம்? பத்திரத்தில் 25 லட்சத்தைக் குறைத்தால் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து மிச்சமாவது சுமார் மூன்றே கால் லட்சம். வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 2,25,000 ரூபாய். மொத்தம் ஐந்தரை லட்சம் பொதுப் பெட்டிக்கு வராமல் போகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புகிறவர் யார்? சம்பளம் கைக்கு வருமுன்னே வரி பிடிக்கப்படுகிறவரும், கடையில் பற்பசை வாங்குகிறவரும்தான். அவர்களில் பாதிப்பேர் ஞாயிறன்று இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேறொரு காரியத்தையும் பெரியவருக்கு எடுத்துக்காட்டினோம். கால்டோரின் அறிக்கையில், ஒருவர் கொடுக்கும் கணக்கே மற்றவர் கணக்கைச் சரிபார்க்கும்படி வரிகளைக் கோத்துவைக்க வேண்டும் என்று ஒரு யோசனை உண்டு. மனை விஷயத்தில் அது தானாகவே நடக்கிறது. இன்று 60 லட்சம் கொடுத்து 35 லட்சம் என்று எழுதிக்கொள்கிறவர், நாளை 90 லட்சத்துக்கு விற்கும்போது அவருடைய இலாபம் 30 அல்ல, 55 லட்சம் என்றே கணக்காகும். இன்று மிச்சம் பிடித்த இரண்டே கால் லட்சத்துக்குப் பதிலாக அன்றைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவார். இல்லாவிட்டால் அன்றும் ஒருவரைப் பொய் எழுதச் சொல்ல வேண்டிவரும். நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க 2015 முதல் இடமுண்டு. அதை வாங்கிக்கொள்கிறவர் அண்ணனும் தம்பியும்தான்.

போன வாரம் பெரியவரை மறுபடி பார்த்தோம். வாங்குகிறவரிடம் இந்தத் தொண்ணூறு லட்சக் கணக்கைப் போட்டுக் காட்டினாராம். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாராம். தம்பி மாத்திரம் இன்னும் முகங்கொடுத்துப் பேசவில்லை. "மூன்றே கால் லட்சம் அண்ணா, என் பங்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல், அதை நீயா தருவாய்?" என்று அவர் கேட்டதற்குப் பெரியவர், "என் பங்கிலிருந்து பாதி தருகிறேன், பத்திரத்தில் மட்டும் சரியாக எழுதுவோம்" என்று சொல்லியிருக்கிறார். பத்திரப் பதிவு வருகிற புதன்கிழமை. தம்பி வருவாரா என்று பெரியவருக்கே நிச்சயமில்லை.